மனநோயும் அடுத்த தறிக்காரரும்

சில மாதங்களுக்கு முன்பு, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றுக் கடற்பாசி வளர்க்கும் மகளிர் குழு ஒன்றைப் பார்வையிடப் பாம்பனுக்குச் சென்றிருந்தோம். கரையில் ஓலைக் கொட்டகையின் நிழலில் அமர்ந்து, மூங்கில் மிதவைகளுக்கான கயிறுகளில் பாசித் துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்குகளைச் சரிபார்த்து முடித்துப் புறப்படும் வேளையில், அவர்களுள் மூத்தவரான ஓர் அம்மையார், "ஐயா, பத்து நிமிஷம் இருங்கள். இன்றைக்கு என் முறை, நான் பேச வேண்டும்" என்றார். நாமும் அமர்ந்துவிட்டோம்.

அவர் கயிற்றைக் கட்டியவாறே தம் மகனைப்பற்றிப் பேசினார். பத்தொன்பதாம் வயதில் அவன் கடலுக்குப் போவதை நிறுத்தினான். இரவில் உறங்காமல் தனக்குத்தானே பேசினான். யாரோ தன்னை ஏசுவது காதில் கேட்பதாகச் சொன்னான். மூன்று ஆண்டுகள் கோடாங்கியிடமும், மாதா கோயிலிலும், தர்காவிலும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காதில் கிடந்த தோடு போயிற்று. பிறகு ஒருவர் சொல்லி இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்றார்கள். இப்பொழுது அவன் வலை செப்பனிடும் வேலைக்குப் போகிறான். "சரியாகிவிட்டது என்று மாத்திரையை நானாக ஒரு தடவை நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டான். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்" என்றார்.

"பேய் இல்லையா அக்கா?" என்று இளம்பெண் ஒருத்தி கேட்டாள். "பேயாக இருந்தால் மாத்திரைக்குப் பயப்படுமா?" என்றார் அம்மையார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி கேட்ட பெண் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் அவள் அம்மையாரைத் தனியே அழைத்துச் சென்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டோம்.

நாம் பல ஆண்டுகளாகச் சங்கங்களில் சுவரொட்டிகளையும் துண்டுப் பிரசுரங்களையும் கண்டு வருகிறோம். அவற்றால் ஆகாத ஒன்று அந்தக் கொட்டகையில் நடந்ததை உணர்ந்தோம். நெசவாளர்களும் விவசாயிகளுமாகிய நம் வாசகர்களுக்கு இவ்விஷயத்தை எடுத்துரைப்பது நம் கடமை என்று கருதி இதனை எழுதுகிறோம்.

ஏர்வாடி கற்பித்த பாடம்

பாம்பன் கடற்கரையிலிருந்து மேற்கே சென்றால் கீழக்கரையை அடுத்து ஏர்வாடி இருக்கிறது. அங்குள்ள தர்காவுக்குச் சமய வேற்றுமை இன்றி மனநோயாளிகளை அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். தர்காவைச் சுற்றித் தனியார் பலர் நோயாளிகளைத் தங்கவைக்கும் விடுதிகளை நடத்திவந்தனர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் அத்தகைய விடுதி ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் எழுந்து ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர்.

நாடு முழுவதும் அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அரசு அவ்விடுதிகளை மூடி, அங்கிருந்தோரைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று அச்சட்டம் தெளிவாகவே விதிக்கிறது. அரசு நிதியில் நடக்கும் மனநலச் சிகிச்சையைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும் கூறுகிறது.

சட்டம் வந்தது நன்று. எனினும், நோயாளிகளை அவ்விடுதிகளில் கொண்டுவந்து விட்டவர்கள் யாவர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றோரும் உடன்பிறந்தோருமே அவர்கள். தம் பிள்ளைக்கு வந்திருப்பது வைத்தியத்துக்கு உட்பட்ட நோய் என்று அவர்களுக்கு உரிய காலத்தில் எடுத்துச் சொல்ல அண்டை அயலில் ஒருவரும் இல்லை. சங்கிலியின் முதற்கண்ணி அங்கேதான் இருந்தது.

எத்தனை பேருக்கு இந்நோய்?

"நம் ஊரில் பைத்தியம் ஒருவரோ இருவரோதான்" என்று கூறுவோர் உண்டு. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16ஆம் ஆண்டில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேருக்கு, அவ்வேளையில் ஏதேனும் ஒருவகை மனநலக் குறை இருந்ததாக அது கண்டது. மதுவுக்கு அடிமையானோரும் இக்கணக்கில் அடங்குவர். அவ்விகிதம் பொருந்துமாயின், 200 அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்தில் ஏறக்குறைய 20 பேர் இத்துன்பத்தில் இருப்பார்கள். நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர்வரை தக்க சிகிச்சை பெறாதவர்கள் என்பதும் அக்கணக்கெடுப்பின் முடிவு.

இவர்களுள் தெருவில் திரிவோர் மிகச் சிலரே. மற்றவர்கள் நம்மோடு தறியில் அமர்ந்திருப்பவர்கள்; மிளகாய்த் தோட்டத்தில் நிற்பவர்கள்; பொதுக்குழுக் கூட்டத்தில் பின்வரிசையில் வாய் திறவாமல் இருப்பவர்கள்.

நாம் செய்த பிழை

இதைச் சொல்லும் நாமே ஒருமுறை தவறியவர்கள். ஊரின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் இங்கே குறிப்பிட வேண்டியதில்லை. நெசவாளர் சங்கம் ஒன்றை ஆய்வு செய்தபோது, அங்கத்தினர் ஒருவர் பாவும் ஊடைநூலும் பெற்றுச் சென்று இரண்டு மாதங்களுக்கு மேலாகியும் ஒரு சேலைகூடத் திருப்பித் தராதிருப்பதைக் கண்டோம். நூல் பாக்கி என்று எழுதினோம். நூலை வெளியில் விற்றுவிட்டாரோ என்ற ஐயமும் எழுந்தது. நம் குறிப்பின் பேரில் அவருக்கு நோட்டீசு சென்றது.

அடுத்த முறை சென்றபோது அவருடைய அடுத்த தறிக்காரர் நம்மைத் தேடி வந்தார். "ஐயா, அவர் நூலை விற்கவில்லை. பாவு தறியிலேயே கிடக்கிறது. காலையில் குழியில் இறங்கி உட்காருவார். நாடாவைக் கையில் எடுப்பதில்லை. சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்துவிட்டு எழுந்து போவார்" என்றார்.

"இது எத்தனை நாளாக?" என்று கேட்டோம்.

"தீபாவளிக்கு முன்னாலிருந்தே ஐயா. சோம்பல் என்று நினைத்தேன். நோய் என்று எனக்குத் தெரியாதே!"

அந்தச் சொற்கள் இன்றும் நம் நெஞ்சில் நிற்கின்றன. இரண்டு முழ தூரத்தில் அமர்ந்திருந்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதன் பொருள் மட்டும் தெரியவில்லை. பேரேட்டைப் பார்த்த நமக்கோ பாக்கி மட்டுமே தெரிந்தது. நோட்டீசு வந்த நாளிலிருந்து அந்த நெசவாளர் வீட்டைவிட்டு வெளியே வருவதையும் நிறுத்திவிட்டார் என்று அறிந்தோம். அடுத்த தறிக்காரரே அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மனச்சோர்வு என்னும் நோய் என்று வைத்தியர் கூறினார். சில வாரங்கள் மருந்து உண்டபின் மெல்ல மெல்ல அவர் நாடாவைக் கையில் எடுத்தார். அந்தப் பாவு சேலைகளாகச் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. ஆயினும் நம் குறிப்பு அவருக்கு இழைத்த அவமானத்தை எந்தப் பற்று வரவிலும் நேர்செய்ய இயலாது.

ஒத்தார் கூறும் கல்வி

நோயின் அறிகுறியை அறிதல், அதற்கு வைத்தியம் உண்டு என்று உணர்தல், உதவி கிடைக்கும் இடம் தெரிந்திருத்தல், நோயுற்றவரை இகழாதிருத்தல் ஆகியவை சேர்ந்ததே மனநல அறிவு. ஆஸ்திரேலிய அறிஞரான அந்தோணி ஜார்ம் 1997இல் இதற்கென ஒரு தனிப்பெயர் வழங்கிய பின்னர் உலகெங்கும் இது ஆராயப்பட்டு வருகிறது. வைத்தியர் கூறுவதைவிட, ஒரே தொழிலும் ஒரே தெருவும் உடைய ஒருவர் கூறுவது எளிதில் மனத்தில் பதிகிறது என்பதே ஒத்தாரைக் கொண்டு கல்வி புகட்டும் முறையின் அடிப்படை.

இது வெறும் கொள்கையன்று. பருத்தி விவசாயிகளின் துயரத்துக்குப் பெயர்போன விதர்ப்பத்தில், அமராவதி மாவட்டத்தின் 30 கிராமங்களில் இத்தகைய முயற்சி ஒன்று நடந்தது. உள்ளூர் மக்களுக்கே பயிற்சி தந்து, அவர்கள் வாயிலாக மனச்சோர்வைப்பற்றி வீடுவீடாக எடுத்துக் கூறினார்கள். முதல் உதவியும் அளித்தார்கள். தேவைப்பட்டவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். 18 மாதங்களில், மனச்சோர்வுற்றோருள் உதவி நாடியவர்களின் அளவு நூற்றுக்கு 4.3இலிருந்து 27.2 ஆக உயர்ந்தது.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தலைநகரான ஹராரேயில் மனநல வைத்தியர் மிகமிகக் குறைவு. டிக்சன் சிபாண்டா என்னும் வைத்தியர் 2006இல் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி தந்து, மருத்துவ நிலையத்துக்கு வெளியே மரத்தடிப் பெஞ்சில் அமரச் செய்தார். துயருற்றோர் அந்தப் பெஞ்சில் பாட்டியின் அருகே அமர்ந்து பேசுவார்கள். பாட்டிமார் நோய்க்கு அயல்மொழிப் பெயர் சூட்டவில்லை. அந்நாட்டு மக்களே வழங்கும் 'குஃபுங்கிசிசா' என்ற சொல்லைக் கையாண்டனர். 'அளவுக்கு மீறி நினைத்தல்' என்பது அதன் பொருள். நம் ஊரில் "யோசனை அதிகம்" என்று சொல்லுகிறோமே, அதுதான். பெஞ்சில் அமர்ந்தவர்கள் ஆறு மாதங்களுக்குப் பின்னர், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடத் துன்பம் குறைந்திருந்தனர் என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டுக்கும் இவ்வனுபவம் புதிதன்று. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர், மீனவக் கிராமங்களில் ஆசிரியர்களும் சுயஉதவிக் குழுவினரும் பயிற்சி பெற்று, உறவினரை இழந்தோருக்குத் துணை நின்றனர். சென்னையில் சாரதா மேனன் அம்மையார் 1984இல் நிறுவிய 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களிலும் பணி புரிந்து வருகிறது. அந்நிறுவனம் பங்குகொண்ட ஓர் ஆய்வு 2014இல் வெளியாயிற்று. மனச்சிதைவு நோயாளிகளைப் பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று கவனித்தால், வைத்தியரின் சிகிச்சை மட்டும் தருவதைவிட ஓரளவு கூடுதலான பயன் உண்டு என்று அது கூறிற்று. ஓரளவுதான், பெரிதுபடுத்திச் சொல்ல வேண்டுவதில்லை. வைத்தியரின் இடத்தை அப்பணியாளர்கள் பிடிக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது.

ஒரு மாவட்டம், பல சமூகங்கள்

நம் மாவட்டத்தில் ஒரே பாடத்தை எல்லாருக்கும் ஓத இயலாது. பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர்கள் இருக்கிறார்கள். உட்பகுதியில் மழையை நம்பிய மிளகாய் விவசாயிகள் இருக்கிறார்கள். கடற்கரையில் இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய மீனவர்கள் இருக்கிறார்கள். மண்டபம் முகாமில் இலங்கையிலிருந்து வந்த தமிழர் வாழ்கிறார்கள். ஒவ்வொருவர் துயரத்துக்கும் வேர் வேறு. மழை பொய்த்த ஆண்டில் விவசாயிக்கு வரும் உறக்கமின்மையும், கணவன் இலங்கைக் கடற்படையினரால் சிறைப்பிடிக்கப்பட்ட பெண்ணுக்கு வரும் நெஞ்சுப் படபடப்பும், சொந்த ஊரை விட்டு வந்தவரின் மௌனமும் ஒன்றல்ல. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியையும் ஒரு ரயில் வண்டியையும் கடலுக்குப் பறிகொடுத்த கரை இது. அந்த நினைவும் சில குடும்பங்களில் இன்னும் உறங்காமல் இருக்கிறது.

சொல்லும் இடத்துக்கு இடம் மாறும். காற்றுச் சேட்டை என்பார் சிலர். செய்வினை என்பார் சிலர். சைத்தான் என்பார் சிலர். "மூடநம்பிக்கை" என்று முதலிலேயே கண்டித்தால் கேட்பவர் எழுந்து போய்விடுவார். குஜராத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் வேறு வழியைக் கையாண்டார்கள். வழிபாட்டைத் தடுக்காமல், தர்காவின் முஜாவர்களுக்கே நோய்க்குறிகளைக் கற்பித்தார்கள். தம்மிடம் வருவோரை அம்முஜாவர்களே அருகிலுள்ள மனநல வைத்தியரிடம் அனுப்பினார்கள். மருந்தும் துஆவும் என்ற அம்முறை பின்னர் நம் ஏர்வாடிக்கும் வந்தது. தீயில் 28 உயிர்களை இழந்த ஊரில், பிரார்த்தனை செய்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தியமும் வந்து நின்றது. முஜாவர் சொன்னால் கேட்பவர் முஜாவரிடம் கேட்கட்டும். பங்குத்தந்தை சொன்னால் கேட்பவர் அவரிடம் கேட்கட்டும். நெசவாளர் தம் மொழியிலேயே நெசவாளரிடம் கேட்கட்டும்.

கற்க வேண்டுவன

ஒத்தார் கற்பிக்கும் பாடம் சுருக்கமாக இருத்தல் நலம். நாம் வைத்தியர்களிடம் கேட்டறிந்த அளவில், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியவை இவை:

1. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கம், பசி, வேலையில் நாட்டம் ஆகியவை குன்றி, மனம் சோர்ந்திருத்தல் மனச்சோர்வின் அறிகுறியாகலாம். இல்லாத குரல் கேட்பதும், காரணமின்றிப் பிறர்மீது பெரும் ஐயம் கொள்வதும் வேறு கடுமையான நோயின் அறிகுறியாகலாம். பெயர் சூட்டுவது வைத்தியர் வேலை. கண்டு சொல்வது நம் வேலை.

2. மனச்சோர்வுக்கான மருந்து சில வாரங்கள் கழித்தே பலன் தரும். குணம் கண்டதும் தாமே நிறுத்தலாகாது. நிறுத்தும் காலத்தை வைத்தியரே கூற வேண்டும்.

3. சாக வேண்டும் என்று ஒருவர் கூறினால் அதை விளையாட்டாகக் கொள்ளலாகாது. அப்படி எண்ணம் உண்டா என்று பரிவுடன் கேட்பதால் எண்ணம் வலுக்கும் என்பது தவறான அச்சம். கேட்பதே பலருக்கு ஆறுதல். அவரைத் தனியே விடாமல் உடனிருந்து, பூச்சிமருந்து போன்றவற்றை எட்டாத இடத்துக்கு அகற்றி, உடனே உதவி நாட வேண்டும்.

4. 14416 என்பது மத்திய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண். 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் வைத்தியரை அரசு மருத்துவமனையில் காணலாம்.

5. கேட்டதைப் பிறரிடம் கூறலாகாது. நம்பிக் கூறியவரின் துயரம் தேநீர்க் கடையில் பேச்சாகிவிட்டால், அந்தத் தெருவில் இனி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சில நிர்வாகிகள் கேட்கக்கூடும். 1844இல் கூட்டுறவுக்கு வழிகாட்டிய ரோச்டேல் முன்னோடிகள், தம் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கு ஒதுக்கினார்கள். அங்கத்தினர் கல்வி இன்றும் கூட்டுறவுக் கோட்பாடுகளுள் ஒன்று. நம் சங்கங்களும் நிகர லாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பங்கு செலுத்துகின்றன. உடலை வருத்தி உழைப்பவரின் உள்ளத்தைக் காக்கும் கல்வி அதில் அடங்காதா?

ஒவ்வொரு சங்கமும் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். படித்தவரைத் தேட வேண்டாம்; மற்றவர்கள் ஏற்கெனவே தம் கஷ்டத்தைச் சொல்லிக்கொள்ளும் மனிதரைத் தேடட்டும். அத்தகையவர் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. நோயிலிருந்து மீண்டவரோ அவர் குடும்பத்தவரோ தாமாக முன்வந்தால், அவரினும் சிறந்த ஆசான் இல்லை. இவ்விருவருக்கும் மாவட்ட மனநலத் திட்டத்தினரைக் கொண்டு பயிற்சி தரலாம். பின்னர் மாதாந்தரக் கூட்டத்தில் பத்து நிமிஷம் அவர்கள் பேசட்டும். பாம்பன் அம்மையார் பேசியதும் பத்து நிமிஷமே.

விவசாயிகள் உள்ள சங்கங்களுக்கு மற்றொரு யோசனை. தமிழ்நாட்டில் இரண்டு கிராமங்களில், சென்னை 'ஸ்நேகா' அமைப்பைச் சேர்ந்த லட்சுமி விஜயகுமாரும் பிற ஆய்வாளர்களும் பூச்சிமருந்துக்கென ஒரு பொதுக் கிடங்கை ஏற்படுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுள்ள ஒரு பெட்டி. வேண்டும்போது எடுத்துக்கொண்டு, மிஞ்சியதை மறுபடி வைத்துப் பூட்டலாம். கோபமோ துயரமோ பொங்கும் அந்தச் சிறு பொழுதில் நஞ்சு வீட்டுக்குள் இல்லாதிருப்பதே பெரும் பாதுகாப்பு. கிடங்கு வைத்து நடத்துவதில் நம் சங்கங்களுக்கு இல்லாத அனுபவம் வேறு யாருக்கு உண்டு?

இறுதியாக, நம்மைப் போன்ற ஆய்வாளர்களுக்கும் காரியதரிசிகளுக்கும் ஒன்று. தவணை தவறாமல் செலுத்திவந்த ஒருவர் திடீரென்று நின்றுவிட்டால், நோட்டீசு எழுதுவதற்கு முன்பு ஒருமுறை அவர் வீட்டுக்குச் சென்று வாருங்கள். இயலாவிடில் அடுத்த தறிக்காரரையாவது கேளுங்கள். பாக்கியை வசூலிக்கும் கடமை நமக்கு உண்டு; அதை யாரும் மறுக்கவில்லை. நாடாவை எடுக்க இயலாதவரிடம் எந்த நோட்டீசாலும் வசூல் ஆகாது என்பதை மட்டும் நாம் அனுபவத்தில் கண்டோம்.

அந்தச் சங்கத்தில் இன்று மாதக்கூட்டத்தில் பேசும் இருவருள் ஒருவர், அன்று நம்மைத் தேடி வந்த அடுத்த தறிக்காரர். "நோய் என்று எனக்குத் தெரியாதே!" என்று அவர் கூறியதை இனி அந்தத் தெருவில் வேறொருவர் கூறும்படி நேரக்கூடாது என்பதே அவர் எண்ணம். நம் எண்ணமும் அதுவே.